முந்நூறு கிடுகும் ஒரு நூலக எண்ணும்: ‘நூலகம்’ இணைய ஆவணக் காப்பகம் பற்றிய ஒரு வாசகரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்ற சொல்லுக்குக் கருங்கல்லோடு தொடர்பில்லாத ஒரு பொருளும் உண்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின், வந்திருப்பவர்களின் கைகளில் கொடுக்கப்படும் சிறு நினைவுப் புத்தகத்தையே அங்கே கல்வெட்டு என்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே திதி வெண்பா, சிவபுராணம், சில தேவாரங்கள், ஊரில் எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பு, பின்பக்கங்களில் வம்சாவளி, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி நவிலல் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கல்வெட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போர் நெருங்கியதால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஓரிரவில் எழுந்து, கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தப் பெட்டியைத் தூக்குவதா அரிசிப் பையைத் தூக்குவதா என்று யாரும் யோசிக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் பாதிக் கூரை இருந்தது, பெட்டி இருக்கவில்லை.

அம்மாவின் தந்தையான அம்மப்பாவின் கல்வெட்டைத் தேடியே ‘நூலகம்’ இணையத்தளத்துக்கு முதன்முதலில் போனேன். அது எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய கதை. தேடிப் போனது இன்றுவரை அகப்படவில்லை என்றாலும், அந்தத் தளத்தை இடைவிடாமல் பயன்படுத்தி வரும் ஒருவனாக அதைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈழத்துத் தமிழில் எனக்குக் கிடைத்த இலவசச் சேவைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆனால் பெரும்பாலானோர் எதைத் தேடி அங்கே போகிறார்களோ, அங்கே அதன் உண்மையான பலம் இல்லை.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதென்றால், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், மலர்கள் ஆகியவற்றை எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கக்கூடியதாக வைப்பதற்காக 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி இது. பின்னர் நூலக நிறுவனம் என்ற பெயரில் முறையான அமைப்பாகியது. இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன. கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை, கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்வதற்கும் தடையில்லை. படங்கள், ஒலிப்பதிவுகள், வாய்மொழி வரலாறுகள், ஓலைச்சுவடிகள் போன்றவற்றுக்கு ‘ஆவணகம்’ என்ற தனித் தளம் இருக்கிறது. நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் நடப்பது என்பதால் வணிக நிறுவனத்தின் பளபளப்பை அங்கே எதிர்பார்க்கக்கூடாது. விக்கிப்பீடியாவுக்குப் பயன்படும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அமைந்த, ஆரவாரமில்லாத பக்கங்கள்தான்.

இப்படியொரு சேவை எங்களிடையே பிறந்ததற்குப் பின்னால் ஒரு தீ இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அதை மதிப்பிட முடியாது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊராருக்குத் திறந்துவிட்டதில் தொடங்கி, சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மனும் நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் வந்து ஆலோசனை சொல்லி, 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில், காவல்துறையினரும் அவர்களோடு வந்த கும்பலும் வைத்த தீயில் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் கொளுத்தப்பட்டது. மறுநாள் செய்தி எழுதவேண்டிய இடமும், எழுதியதைச் சேர்த்துவைக்க வேண்டிய இடமும் ஒருங்கே இல்லாமற் போயின என்ற நிலையை எண்ணிப் பார்த்தால், ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் மீது எங்களுக்கு ஏன் அச்சம் உண்டு என்பது விளங்கும். அந்தக் கட்டடம் பின்னர் வெள்ளையாகப் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதன் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒன்றாகவே வரும்.

ஆனால் தீயை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது எங்களுக்கு வசதியான பழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் வாசிகசாலைக்குப் போய், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஊரின் பெயர் வேண்டாம். பொறுப்பாயிருந்த பெரியவர் மிகுந்த அன்போடு தேநீர் தந்து, கறையான் பிடித்துவிட்டதால் போன வருடம்தான் பின்வளவில் போட்டு எரித்தோம் தம்பி என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை; இடம் சுத்தமாயிற்று என்ற நிம்மதியே இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல், கோடு போட்ட பாடசாலைக் கொப்பித் தாளில்கூட யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் வெளிவந்தன. அந்தத் தாள்கள் நீண்டநாள் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கறையான், மாரிமழை, வீடு மாறுதல், பிள்ளைகள் வெளிநாடு போனபின் பூட்டிய அறைகள் ஆகியவை ஓசையில்லாமல் அழிப்பவற்றுக்கு யாரும் நினைவுநாள் வைப்பதில்லை.

இனிச் சேவையின் உள்ளே போகலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிப்பக்கம் உண்டு. அதில் நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டு ஆண்டு, பக்கங்களின் எண்ணிக்கை ஆகியவை சிறிய கட்டத்தில் இருக்கும். கீழே ‘வாசிக்க’ என்ற தலைப்பில் பி.டி.எப் கோப்பு. பலவற்றுக்கு எழுத்துணரியாக்கம் செய்த, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றிய, வடிவமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே ‘உள்ளடக்கம்’ என்ற பகுதி. புதிதாக வருபவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்காமல் நேரே கோப்பைத் திறந்துவிடுவார்கள். எனக்கோ இந்தத் தளத்தின் தலைசிறந்த பகுதி இதுதான். ஓர் இதழில் வந்த கதை, கட்டுரை, கவிதை, கேள்வி பதில், வாசகர் கடிதம் என்று ஒவ்வொன்றின் தலைப்பையும் எழுதியவரின் பெயரையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார். முடிதிருத்தும் தொழிலைச் செய்தபடியே டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை 401 இதழ்கள் வந்தது. அவ்வளவு நீண்ட ஓட்டத்தில் ஓர் எழுத்தாளர் எப்போது முதலில் தலைகாட்டினார், எந்த ஆண்டு காணாமற் போனார், யாருடைய கட்டுரைக்கு யார் மறுப்பு எழுதினார் என்பதையெல்லாம் அறிவதற்கு, முன்பு நான்கு வீடுகளின் அலுமாரிகளைத் திறக்கவைக்க வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டு வீட்டார் திறக்கமாட்டார்கள்.

நம்பகத்தைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது ‘ஆளுமை’ப் பக்கங்கள். எழுத்தாளர், ஆசிரியர், கலைஞர், அண்ணாவியார், சமூகத் தொண்டர் என்று பல்லாயிரவர் பற்றிய சிறு குறிப்புகள் அங்கே உள்ளன. குறிப்பு பெரும்பாலும் ஏழெட்டு வரிதான். நடையில் ஒரு சுவையும் இராது. ஆனால் அதன் அடியில் ‘வளங்கள்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அங்கே நூலக எண் இன்னது, பக்கங்கள் இன்னவை என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் போனால் மூல ஆவணம் திறக்கும். பக்கத்தைப் புரட்டினால் குறிப்பில் சொல்லப்பட்டது உண்மையில் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் சமூகத்தில் ஒரு கூற்றை நம்புவதற்குக் காலங்காலமாக இருந்துவந்த அளவுகோல் ‘ஆர் சொன்னவர்’ என்பதே. வாத்தியார் சொன்னால் சரி. ஊர் அலுவலரான விதானையார் சொன்னால் சரி. ஆயுதம் ஏந்திய இயக்கம் சொன்னால் மறுபேச்சில்லை. எங்கே எழுதியிருக்கிறது, எத்தனையாம் பக்கம் என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட இடத்தில், அந்தக் கேள்விக்கான பதிலை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கேளாமலே வைத்திருப்பது சிறிய காரியம் அல்ல.

இலக்கியம் தேடி வருபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தேடுவது பெரும்பாலும் கிடைக்கும். எனினும் நாவலும் சிறுகதையும் எப்படியோ மறுபதிப்பாகிவிடும். யாராவது ஒரு பதிப்பாளர் சென்னையிலோ கொழும்பிலோ அவற்றைத் தூசு தட்டுவார். மறுபதிப்பே காணாத ஒரு வகை இருக்கிறது: பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலையத்தின் பொன்விழா மலர், விளையாட்டுக் கழகத்தின் சிறப்பிதழ், கூட்டுறவுச் சங்கத்தின் அறிக்கை, றோனியோவில் உருட்டிய துண்டுப்பிரசுரம், மேலே சொன்ன கல்வெட்டு. முந்நூறு பிரதி அடித்து, முந்நூறு வீட்டுக்குள் போய், முந்நூறும் மறைந்துவிடும் இனம் இது. இந்தத் தளத்தின் பொக்கிஷம் இங்கேதான் இருக்கிறது.

வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் அங்கிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபின் பல ஊர்கள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாகி, இரண்டு தலைமுறைகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்துவிட்டன. மயிலிட்டித் துறைமுகத்தை ஒட்டிய நிலம் விடுவிக்கப்பட்டதே 2017இல்தான். திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீட்டைக் காணவில்லை, வேலியைக் காணவில்லை, ஒழுங்கையே எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட ஊரொன்றின் பழைய கோயில் மலரில் உபயகாரரின் பட்டியல் இருக்கும். எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்தாருடையது, தேர்முட்டிக்குக் கல் கொடுத்தவர் யார், வடக்கு வீதிக் கிணற்றை வெட்டுவித்தவர் யார் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கனடாவில் பிறந்த ஒரு பிள்ளை ‘நீங்கள் எந்த ஊர்’ என்ற கேள்விக்குச் சொல்லும் பெயர், நிலத்தில் அழிந்தபின் சில காலம் அந்தத் தாளில் மட்டுமே இருந்தது என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின், அந்தத் தாள்களை எப்படி வாசிக்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். கல்வெட்டில் கெட்டவர் கிடையாது. ‘அன்னார் ஈகைக்குணம் மிக்கவராய், பெரியோரை மதிப்பவராய், சைவாசாரம் தவறாதவராய் வாழ்ந்து’ என்ற வாக்கியம் எத்தனை ஆயிரம் பேருக்குப் பொருந்தியிருக்கிறது என்று எண்ண எனக்குப் பொறுமையில்லை. வட்டிக்குக் கொடுத்து வயல்களை வளைத்தவரும் அதில் வள்ளல்தான். சாதியின் பெயர் எந்த இடத்திலும் வராது. ஆனால் யார் வீட்டில் யார் மணம் செய்தார்கள் என்ற வம்சாவளி முழுவதுமே சாதியின் வரைபடமாக இருக்கும். பெண்கள் இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் அருமைத் தாய் என்று வந்து போவார்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு அச்சுச் செலவு செய்ய வசதியற்றவர்களுக்குக் கல்வெட்டே இல்லை. ஆகவே காப்பகத்தில் ஓர் ஊரைப் பற்றி இருபது ஆவணங்கள் கிடைத்தால், அவை அந்த ஊரில் அச்சகத்துக்குப் போகமுடிந்தவர்களின் இருபது ஆவணங்கள் என்றே கொள்ளவேண்டும். காப்பகத்தின் தவறு இதில் ஏதுமில்லை. எழுதாமல் விடப்பட்டதை மின்வருட முடியாது. வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து ‘ஆவணகம்’ தளத்தில் வைப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சி. இதற்கு இன்னும் எத்தனையோ மடங்கு ஆட்களும் பணமும் வேண்டும். அறிந்தவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தாள் இல்லாமையால் ஒரு மக்கள் கூட்டம் என்ன பாடுபட்டது என்பதற்கு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் மலையகத்தை விடப் பெரிய சான்று தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததாகக் காட்டும்படி கேட்டது. தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் பிறந்தவர்களின் பாட்டனுக்குப் பிறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? அவர்களைப் பற்றி எழுதிவைக்கப்பட்ட தாள்கள் பெரும்பாலும் செக்றோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடும் கடன் கணக்குமாக, தோட்டத் துரையின் அலுவலகத்தில் இருந்தன. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைத் தொகை பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலை தீரச் சட்டமியற்ற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. அரசின் காப்பகம் இவர்களை அரசின் கண்ணால் பார்த்த தாள்களையே வைத்திருக்கும். இவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய தொழிற்சங்க வெளியீடுகளும் மலையக எழுத்தாளர்களின் நூல்களும் இதழ்களும் ‘நூலகம்’ தளத்தில் யாழ்ப்பாணத்து வெளியீடுகளோடு ஒரே வரிசையில் எண்ணிடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்தத் தளம் ‘இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்கள்’ என்று பன்மையில் எழுதுவதன் பொருள் தெரிகிறது. அதே பன்மை 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும் உள்ளடக்கியாகவேண்டும். அவர்கள் விட்டுச் சென்றவற்றில் காணி உறுதிகளும் பள்ளிவாசல் பதிவேடுகளும் இருந்தன. தனக்கு நேர்ந்ததை மட்டும் சேர்த்துவைத்துத் தான் செய்ததைச் சேர்க்காமல் விடும் காப்பகத்தை அடுத்த தலைமுறை நம்பாது. இந்த நோக்கில் அங்குள்ள முஸ்லிம் சமூகத்து வெளியீடுகளை நான் தனிக் கவனத்தோடு பார்ப்பதுண்டு. இன்னும் பெருக வேண்டிய பகுதி அது.

குறைகளுக்கு வருகிறேன். தேடுதல் கடினம். கோப்புகளில் மிகப் பல, பக்கங்களின் படங்களே. எழுத்துணரியாக்கம் உள்ளவற்றிலும் பழைய ஈய எழுத்து அச்சும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களும் கணினியைக் குழப்பிவிடுகின்றன. இவற்றைப் போலவே குழப்புவது எங்கள் பெயர்கள். ஒரே மனிதர் ஓர் இதழில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் ஊர்ப்பெயரோடும், மூன்றாவதில் புனைபெயரிலும் இருப்பார். ஜோசப் என்பவர் யோசேப்பாகவும் வருவார். ஆகவே ஒரு சொல்லைத் தட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாமல், பெயரின் நான்கைந்து வடிவங்களைத் தேடிப் பாருங்கள். பிறகு ஊர்ப்பெயரைக் கொண்டு மலர்களைத் தேடிப் பாருங்கள். எனக்கு இரண்டாவது வழியே அதிகம் பலன் தந்திருக்கிறது. சில ஆவணங்களுக்கு விவரப்பக்கம் மட்டும் இருந்து கோப்பு இல்லாமலிருப்பதைக் கண்டு கோபப்படுகிறவர்கள் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை நிலைக்கிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். எழுதியவரின் அனுமதிக்குக் காத்திருப்பதும் நம்பகத்தின் பகுதியே.

எனக்கு உண்மையாகவே கவலை தரும் இடம் வேறு. கல்வெட்டின் வம்சாவளிப் பக்கத்தில் இறந்தவரோடு உயிரோடிருப்பவர்களும் இருக்கிறார்கள்: மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் குடியிருக்கும் நாடுகள். வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தவரை அது உறவினரின் தகவல். உலகம் முழுவதற்கும் திறந்த தளத்தில் அது எவர் கைக்கும் எட்டும் தகவலாகிவிடுகிறது. அண்மைக் காலக் கல்வெட்டுகளின் வம்சாவளிப் பக்கங்களைச் சில பதிற்றாண்டுகளுக்கு மூடிவைப்பது நல்லது என்பது என் கருத்து. வரலாற்று மாணவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தமிழிலுள்ள ஒத்த சேவைகளோடு ஒப்பிடக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைத் தட்டச்சு செய்த உரையாகத் தருவதால் தேடுவதற்கு மிக எளிது. ஆனால் அங்கே நீங்கள் பாட்டைப் பெறுகிறீர்கள், தாளைப் பெறுவதில்லை; ஓரத்தில் எவரோ பென்சிலால் எழுதிய திருத்தமும், வாசிகசாலையின் ஊதா முத்திரையும், விலை நாலணா என்ற வரியும் படப் பிரதியிலேதான் தங்கும். இன்னொன்று, கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றை, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி 1994இல் சென்னையில் அமைத்த ஆய்வு நூலகம். நாடக நோட்டீசும் திருமண அழைப்பும் புத்தகத்துக்குச் சமமாகக் காப்பாற்றத்தக்கவை என்று எண்ணிய ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் பிறந்த இடம் அது. ஆய்வாளருக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் நடு இரவில் கைபேசியில் மலரொன்றைத் திறந்து அம்மாவிடம் காட்டுவதற்கு எனக்கு ‘நூலகம்’தான் உதவியது.

அந்தக் கதை இது. அம்மப்பா எங்கள் ஊர்ப் பாடசாலையைத் தொடங்கியவர் என்பதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அது குடும்பத்தின் சொத்து. வெளிநாட்டில் நடந்த திருமணமொன்றில் மணமகளை அறிமுகம் செய்தவர்கூட ‘பாடசாலை நிறுவுநரின் பூட்டப்பிள்ளை’ என்றே சொன்னார். கல்வெட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது என்று அம்மா உறுதியாகச் சொல்வார். கல்வெட்டைத் தேடியபோது, ஊர்ப்பெயரைக் கொண்டு தேடும் என் வழக்கப்படி, 1970களில் வெளிவந்த அந்தப் பாடசாலையின் வெள்ளிவிழா மலர் அகப்பட்டது. நிறுவுநர் வேறொருவர். காணி கொடுத்தவரும் அவரே. ஆசிரியர் வரிசையில் அம்மப்பாவின் பெயர் மூன்றாம் ஆண்டில்தான், உதவி ஆசிரியராக, வருகிறது.

மலரின் பதிப்பாசிரியர் யாரென்று பார்த்தேன், நிறுவுநரின் மருமகன். ஆகா, பிடித்துவிட்டேன் என்று எண்ணினேன். அச்சகத்துக்குப் போனவர் தம் மாமனாரை உயர்த்திவிட்டார், எங்கள் அம்மப்பாவை இறக்கிவிட்டார் என்று ஒரு நாள் முழுவதும் நம்பிக்கொண்டு திரிந்தேன். பிறகு அதே ஊரின் கோயில் மலரொன்று, அந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாதவர்கள் வெளியிட்டது, வேறோர் எண்ணில் இருந்தது. அதில் ஊர் வரலாறு என்ற கட்டுரையிலும் பாடசாலையைத் தொடங்கியவர் அவரே. இரண்டு தாள்கள் ஒன்றையொன்று பாராமல் ஒன்றையே சொன்னபின் எனக்கு வாதம் இருக்கவில்லை.

வெள்ளிவிழா மலரை மீண்டும் திறந்து, விட்ட பக்கங்களையும் வாசித்தேன். முதற்கொட்டில் போட உதவியவர்களின் பட்டியல் அதில் இருந்தது. இன்னார் பணம் பத்து ரூபா, இன்னார் பனை வளை ஆறு, இன்னார் சிலாகை நாற்பது என்று போய்க்கொண்டிருந்த வரிசையில், பதினோராவது இடத்தில் அம்மப்பாவின் பெயர் வந்தது. அதற்கு எதிரே ‘கிடுகு 300’ என்று, கூரை வேயப் பின்னும் தென்னோலையின் கணக்கு இருந்தது. ஆசிரியராவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பாடசாலையின் முதற்கூரைக்கு அவர் வீட்டிலிருந்து கிடுகு போயிருக்கிறது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன். நிறுவுநர் கதையை அவர் கேட்கவேயில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

“இது அம்மம்மாவும் பெரியம்மாவும் இருந்து பின்னினது. அவருக்குக் கிடுகு பின்னத் தெரியாது.”